பொறியியல் சேர்க்கையில் இடஒதுக்கீடும் தகுதியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வோர் ஆண்டும் பிளஸ் டூ முடிவுகள் வந்ததும் வீட்டுக்கு வீடு கிளம்பும் வாக்குவாதம் இது. அதில் பாதிச் சண்டை விதிமுறை தெரியாததால் வருவது. அதனால் முதலில் விதி, பிறகு வாதம் என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலும் தமிழ்நாட்டுப் பொறியியல் கவுன்சலிங்கைப் பற்றியே பேசுகிறோம். தேவைப்படும் இடத்தில் மட்டும் மத்திய அரசின் ஐ.ஐ.டி., என்.ஐ.டி. விவரம் வரும்.

தமிழ்நாட்டின் 69 சதவீத இடஒதுக்கீடு எப்படிப் பிரிகிறது?

பிற்படுத்தப்பட்டோர் (பி.சி.) 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் (எம்.பி.சி.) மற்றும் சீர்மரபினர் 20, பட்டியல் சாதியினர் (எஸ்.சி.) 18, பழங்குடியினர் (எஸ்.டி.) 1. பட்டியல் சாதியினரின் 18-க்குள்ளேயே 3 சதவீதம் அருந்ததியருக்கு முன்னுரிமையாகத் தரப்படுகிறது. இது 2009-ல் வந்தது. மீதி 31 சதவீதம் பொதுப்பிரிவு, அதாவது ஓ.சி.

மத்திய அரசு நிறுவனங்களில் கணக்கு வேறு: எஸ்.சி. 15, எஸ்.டி. 7.5, இதர பிற்படுத்தப்பட்டோர் (ஓ.பி.சி.) 27, பொருளாதாரத்தில் நலிந்த பொதுப்பிரிவினர் 10. கிண்டியிலுள்ள அண்ணா பல்கலைக்கழக வளாகக் கல்லூரிக்கும் அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் ஐ.ஐ.டி.க்கும் விதிகள் ஒன்றல்ல என்பதை மறந்துவிட்டுப் பேசுவதால் வரும் குழப்பம் ஏராளம்.

ஓ.சி. என்றால் முற்பட்ட வகுப்பினருக்கான 31 சதவீதம்தானே?

இல்லை. அதிகம் பேர் தவறாகப் புரிந்துவைத்திருப்பது இதைத்தான். ஓ.சி. என்பது எல்லோருக்குமான திறந்த போட்டி. எந்தச் சாதியில் பிறந்தவரும் தரவரிசைப்படி அதில் இடம் பெறலாம்.

ஒரு பாடப்பிரிவில் 100 இடங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்தப் பிரிவைக் கேட்பவர்களில் தரவரிசையில் முன்னால் நிற்கும் 31 பேர் ஓ.சி. இடங்களை எடுப்பார்கள். அதில் 15 பேர் பி.சி.யாக, 8 பேர் எம்.பி.சி.யாக, 2 பேர் எஸ்.சி.யாக இருந்தாலும் அவர்கள் ஓ.சி. இடத்தில்தான் அமர்கிறார்கள், அவரவர் வகுப்பின் ஒதுக்கீட்டு இடம் ஒன்றுகூடக் குறையாது. அந்த 31 தீர்ந்த பிறகே வகுப்புவாரி இடங்கள் நிரம்பும்.

கவுன்சலிங் மென்பொருளும் இப்படித்தான் ஓடுகிறது. நீங்கள் கொடுத்த விருப்பப் பட்டியலில் முதல் விருப்பத்தை எடுக்கும். அதில் ஓ.சி. இடம் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் உங்கள் வகுப்பு இடம் இருக்கிறதா என்று பார்க்கும். இரண்டும் இல்லையென்றால்தான் இரண்டாவது விருப்பத்துக்கு இறங்கும். ஆகவே சாதிச் சான்றிதழைப் பதிவேற்றினால் ஓ.சி. வாய்ப்பு போய்விடும் என்ற பயத்துக்கு அடிப்படையே இல்லை. அந்தப் பயத்தில் சான்றிதழ் தராமல் விட்டு, ஓ.சி.யிலும் கிடைக்காமல், வகுப்பு இடத்தையும் இழப்பவர்களுக்காகத்தான் இதை இவ்வளவு விரித்துச் சொல்கிறோம். வேறு மாநிலத்தில் வாங்கிய சாதிச் சான்றிதழ் இங்கே செல்லாது; அவர்கள் ஓ.சி.யாகவே கருதப்படுவார்கள்.

கட்-ஆஃப் (தரவரிசைக்கான மதிப்பெண்) எப்படிக் கணக்கிடப்படுகிறது?

மொத்தம் 200. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. கணிதத்தில் 96, இயற்பியலில் 88, வேதியியலில் 90 எடுத்தவருக்கு 96 + 44 + 45 = 185. கணிதத்தில் ஒரு மதிப்பெண் கூடினால் கட்-ஆஃப் முழுதாக ஒன்று கூடும். இயற்பியலில் அதே ஒரு மதிப்பெண் அரைதான்.

மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்காதவர்களுக்கு மதிப்பெண் சமன் செய்யப்படும். பாடவாரியாக மாநில வாரியத்தின் அதிகபட்ச மதிப்பெண்ணும் மற்ற வாரியத்தின் அதிகபட்ச மதிப்பெண்ணும் சமமாக வைக்கப்படும். இங்கே 100, அங்கே 95 என்றால், அங்கே 76 எடுத்தவருக்கு 80 என்று கணக்காகும். இரு வாரியங்களிலும் முதல் மதிப்பெண் 100 என்றால் எந்த மாற்றமும் இருக்காது. இந்த முறை உச்ச மதிப்பெண்ணை மட்டுமே பார்க்கிறது. நடுவில் மதிப்பெண் எப்படிப் பரவியிருக்கிறது என்பதைக் கண்டுகொள்வதில்லை. அது இதன் பலவீனம்.

199 எடுத்தவருக்குக் கிடைக்காத இடம் 190-க்குக் கிடைக்கிறது. இது தகுதியைக் கொல்வது ஆகாதா?

அந்த 9 மதிப்பெண் எதை அளக்கிறது என்று பார்த்துவிட்டுப் பதில் சொல்வதே நியாயம். பிளஸ் டூ இயற்பியலில் 100 மதிப்பெண் என்பது எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. செய்முறையும் அகமதிப்பீடும் பெரும்பாலான பள்ளிகளில் முழுதாகவோ கிட்டத்தட்ட முழுதாகவோ விழுந்துவிடும். மாணவர்களைப் பிரித்துக் காட்டுவது அந்த 70-தான். அந்த 70-லும் ஒரு பகுதி, புத்தகத்தின் பின்பக்கக் கேள்வி. உச்சியில் நிற்கும் ஆயிரக்கணக்கானவர்கள் ஓரிரு மதிப்பெண்ணுக்குள் நெருக்கியடிக்கிறார்கள். ஒரே மதிப்பெண் வந்தால் கணிதம், இயற்பியல் என்று வரிசையாகப் பார்த்து, கடைசியில் பிறந்த தேதிக்கும், அதுவும் ஒன்றானால் ரேண்டம் எண்ணுக்கும் போகிறது விதி. பிறந்த தேதியையும் குலுக்கலையும் துணைக்கு அழைக்கும் ஒரு வரிசையை, அறிவின் தராசு என்று யாரும் சொல்லிவிட முடியாது. இடம் குறைவு, ஆள் அதிகம், ஏதோ ஒரு வரிசை வேண்டும். அந்த அளவுக்கே அதற்கு மதிப்பு.

இதனால் மதிப்பெண்ணே வீண் என்று சொல்லவில்லை. 195-க்கும் 120-க்கும் இடையிலுள்ள தூரம் உண்மையானது. 120-ல் வருபவருக்குக் கணித அடிப்படை பலவீனமாக இருக்க வாய்ப்பு அதிகம். அதை மறைத்துப் பேசுவது அவருக்கே செய்யும் துரோகம். ஆனால் அதே 120-ஐ கணித ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடந்த பள்ளியில் எடுத்தவரும், இரண்டு வருடம் டியூஷனில் எடுத்தவரும் ஒன்றல்ல. உச்ச நீதிமன்றம் 2022 ஜனவரியில், மருத்துவ மேற்படிப்பில் ஓ.பி.சி. ஒதுக்கீடு குறித்த வழக்கில் இதையே சொன்னது: திறந்த போட்டித் தேர்வில் எடுக்கும் மதிப்பெண்ணாக மட்டும் தகுதியைச் சுருக்கிவிட முடியாது.

நுழைவுத் தேர்வு வைத்தால் உண்மையான திறமை தெரிந்துவிடுமே?

தமிழ்நாட்டில் 1984 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் நுழைவுத் தேர்வு இருந்தது. மு. அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் பரிந்துரைக்குப் பிறகு, 2006-ல் இயற்றி 2007-ல் நடைமுறைக்கு வந்த சட்டத்தால் அது நீக்கப்பட்டது. காரணம் எளிது. பள்ளிப் பாடத்தை எல்லாப் பள்ளியும் நடத்துகிறது. நுழைவுத் தேர்வுக்கான பயிற்சி, கோச்சிங் சென்டர் இருக்கும் ஊரில் மட்டும்தான் கிடைக்கிறது, அதுவும் காசு கொடுத்தால்.

ஐ.ஐ.டி. சேர்க்கைக்கான ஜே.இ.இ. அட்வான்ஸ்டு கடினமான, நன்றாக வடிவமைக்கப்பட்ட தேர்வு. புரிந்து படித்தவரை மனப்பாடம் செய்தவரிடமிருந்து அது ஓரளவு பிரித்துக் காட்டும். அது உண்மையே. ஆனால் எட்டாம் வகுப்பிலிருந்தே அதற்கென்று பயிற்சி எடுத்தவரையும் ஒன்பது மாதம் தானாகப் படித்தவரையும் அது பிரித்துக் காட்டாது.

குறைந்தபட்சத் தகுதிகூட இல்லாதவர்கள் உள்ளே வருகிறார்களா?

இல்லை. மாநிலக் கவுன்சலிங்கில் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றின் சராசரி பொதுப்பிரிவுக்கு 45 சதவீதம், ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 40 சதவீதம் இருக்க வேண்டும். வித்தியாசம் ஐந்தே ஐந்து. ஐ.ஐ.டி.யில் எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குத் தளர்த்தப்பட்ட வரம்பையும் தொடாதவர்கள், இடம் மீதமிருந்தால் ஓராண்டுத் தயாரிப்புப் படிப்பில் சேர்க்கப்படுவார்கள். அதில் தேறினால்தான் பி.டெக். முதலாண்டு.

சேர்ந்த பிறகு ஒதுக்கீடு என்ற பேச்சே கிடையாது. ஒரே வினாத்தாள், ஒரே தேர்ச்சி மதிப்பெண். விடைத்தாள் திருத்துபவருக்கு எழுதியவரின் பெயரும் தெரியாது, வகுப்பும் தெரியாது. பட்டம் வாங்கியவர் அந்தப் பட்டத்துக்கு உரியவர்.

இடஒதுக்கீட்டால் தரம் குறைகிறது என்பதற்கு ஆய்வு ஏதாவது உண்டா?

இரு பக்கமும் உண்டு. ஒரு பக்கத்தை மட்டும் காட்டுபவரை நம்ப வேண்டாம்.

இந்திய ரயில்வேயின் 1980 முதல் 2002 வரையிலான தரவுகளை அஸ்வினி தேஷ்பாண்டேயும் தாமஸ் வைஸ்கோப்பும் ஆராய்ந்தார்கள். எஸ்.சி., எஸ்.டி. ஊழியர் விகிதம் கூடியதால் உற்பத்தித் திறன் குறைந்தது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. பொறியியல் சேர்க்கையை எடுத்துக்கொண்ட பெர்ட்ராண்ட், ஹன்னா, முல்லைநாதன் ஆய்வு (2010), ஒதுக்கீட்டால் இடம் பெற்றவர்கள், அதனால் இடம் இழந்தவர்களைவிடப் பொருளாதாரத்திலும் பின்தங்கியவர்களே என்று கண்டது. இடம் பெற்றவர்களின் வருமானமும் உயர்ந்தது. அதே ஆய்வு, சாதி ஒதுக்கீட்டால் பெண்களின் எண்ணிக்கை சற்றுக் குறைவதையும் காட்டியது.

மறுபக்கம்: ஒரு முன்னணிப் பொறியியல் நிறுவனத்தின் மாணவர்களை ஆராய்ந்த ரோபிள்ஸ், கிருஷ்ணா இருவரும், ஒதுக்கீட்டில் மிகக் கடும் போட்டியுள்ள பிரிவுகளுக்குப் போனவர்கள் நான்காண்டுகளில் இடைவெளியைக் கடக்கவில்லை, சற்று எளிதான பிரிவை எடுத்திருந்தால் அதிகம் சம்பாதித்திருப்பார்கள் என்று எழுதினார்கள். பாக்டே, எப்பிள், டெய்லர் 2016-ல் வெளியிட்ட ஆய்வோ, பல கல்லூரிகளைச் சேர்த்துப் பார்த்து, அப்படிப்பட்ட பாதிப்பைக் காணவில்லை.

எங்கள் தீர்மானம் இது: ஒதுக்கீட்டால் வரும் மாணவர் தோற்பதும் ஜெயிப்பதும் முதல் இரண்டு செமஸ்டரில் கல்லூரி என்ன செய்கிறது என்பதைப் பொறுத்தது. அதை விட்டுவிட்டு வாசலில் நின்று சண்டை போடுகிறோம்.

அப்படியானால் முதலாண்டில் ஏன் இத்தனை அரியர் (தேறாமல் நிற்கும் தாள்கள்)?

காரணங்கள் மூன்று நான்கு இடங்களில் குவிந்திருக்கின்றன.

முதலாவது கணிதம். மேட்ரிக்ஸ், கால்குலஸ் தாளில் (எம்-1) ஐகன் மதிப்பு, அதாவது ஒரு மேட்ரிக்ஸுக்கே உரிய சிறப்பு எண், காண வேண்டுமென்றால் முதலில் மூன்றாம் படிச் சமன்பாட்டைத் தீர்க்கத் தெரிய வேண்டும். பலர் இடறுவது ஐகன் மதிப்பில் அல்ல, அந்தச் சமன்பாட்டில். பின்னங்களைச் சுருக்குவதிலும் குறிகளை மாற்றுவதிலும் விட்ட பிழை பத்து வரி கடந்து விடையைக் கவிழ்த்துவிடும். தாளைத் திருத்துபவருக்கு இது தெரியும். மாணவருக்கு யாரும் சொல்வதில்லை. அவர் "எனக்கு எம்-1 வராது" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்.

இரண்டாவது மொழி. வகைக்கெழு, தொகையிடல், அணிக்கோவை என்று பன்னிரண்டாம் வகுப்புவரை படித்து, அவற்றில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கியவர், டெரிவேட்டிவ், இன்டெக்ரல், டிடர்மினன்ட் என்று கேட்கும்போது தெரிந்த பாடமே தெரியாத பாடமாகிவிடுகிறது. முதல் இன்டர்னல் தேர்வு வருவதற்குள் இந்தத் தடுமாற்றம் தீராவிட்டால் பிறகு துரத்திப் பிடிப்பது கடினம். அண்ணா பல்கலைக்கழகம் 2010-ல் சிவில், மெக்கானிக்கல் இரண்டையும் தமிழ்வழியில் தொடங்கியது; மற்ற பிரிவுகளில் சேரும் தமிழ்வழி மாணவர்தான் இப்படித் தவிக்கிறார்.

மூன்றாவது என்ஜினியரிங் கிராஃபிக்ஸ். இரு தளத்துக்கும் சாய்ந்த கோட்டின் வீழலை (தளத்தில் விழும் உருவத்தை) வரையச் சொன்னால், பொருளை மனக்கண்ணில் திருப்பிப் பார்க்க வேண்டும். அட்டையையும் குச்சியையும் கையில் கொடுத்து இரண்டு வகுப்பு எடுத்தால் பெரும்பாலோர்க்குப் பிடிபட்டுவிடும். கரும்பலகையில் மட்டும் போட்டால் படியை மனப்பாடம் செய்வார்கள். கோணம் மாறியதும் கையை விரித்துவிடுவார்கள்.

பிறகு பணம். உதவித்தொகை வந்து சேரத் தாமதமாகி, அதுவரை கட்டணத்தைக் கேட்டு ஹால் டிக்கெட்டை நிறுத்தி வைத்தால், படிக்க வேண்டிய வாரத்தில் அந்த மாணவர் கடன் தேடி அலைவார்.

கல்லூரி என்னதான் செய்ய வேண்டும்?

சேர்ந்த முதல் வாரத்திலேயே பள்ளிக் கணிதத்தில் 30 கேள்விகள் கொண்ட ஒரு சோதனை. மதிப்பெண் எங்கும் சேராது என்று முன்பே சொல்லிவிட வேண்டும். எந்தக் கேள்வியில் யார் விட்டார் என்று பார்த்துக் குழு பிரிக்க வேண்டும். சாதி பார்த்தோ, ஒதுக்கீடு பார்த்தோ, கட்-ஆஃப் பார்த்தோ அல்ல. இப்படிப் பிரித்தால் பெரிய கட்டணப் பள்ளியிலிருந்து வந்தவர்களும் அந்தக் குழுவில் இருப்பார்கள். "இது அவர்களுக்கான வகுப்பு" என்ற முத்திரை விழாது.

அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏ.ஐ.சி.டி.இ.) வகுத்த மூன்று வார அறிமுகப் பயிற்சி இருக்கிறது. அதைப் பாட்டும் பேச்சுமாகக் கழிக்காமல் தினமும் ஒன்றரை மணி நேரம் இயற்கணிதமும், ஆங்கிலக் கலைச்சொல்லும் நடத்தலாம். சுமார் 200 சொற்கள் கொண்ட தமிழ்–ஆங்கிலப் பட்டியல் ஒன்று போதும், பாதித் தடுமாற்றம் தீரும். முதல் இன்டர்னலில் பாதிக்குக் கீழே போனவரை அந்த வாரமே கூப்பிட்டு விடைத்தாளை அருகில் வைத்துப் பேச வேண்டும். செமஸ்டர் முடிந்து அரியர் விழுந்த பிறகு பெற்றோரை வரவழைத்துக் கண்டிப்பதால் எதுவும் நடக்காது.

இன்னொன்றையும் வலியுறுத்திச் சொல்ல வேண்டும். உதவித்தொகைப் பட்டியலை வகுப்புவாரியாகப் பெயர் போட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதையும், வகுப்பறையில் "எஸ்.சி., எஸ்.டி. ஸ்டூடன்ட்ஸ் எழுந்திருங்கள்" என்பதையும் உடனே நிறுத்த வேண்டும். அந்த ஒரு நிமிடத்துக்குப் பிறகு சந்தேகம் கேட்கக் கை தூக்காதவர்கள் உண்டு.

மேனேஜ்மென்ட் கோட்டாவில் தகுதி பார்க்கிறார்களா?

சுயநிதிக் கல்லூரிகளில் சிறுபான்மை அல்லாதவை 65 சதவீத இடங்களையும், சிறுபான்மைக் கல்லூரிகள் 50 சதவீதத்தையும் அரசுக்குத் தருகின்றன. மீதி நிர்வாகத்தின் இடங்கள், கவுன்சலிங் தரவரிசைக்கு வெளியே நிரப்பப்படுபவை. குறைந்தபட்ச மதிப்பெண் இருந்தால் போதும். நன்கொடை வாங்குவதைத் தடுக்கும் சட்டம் 1992-லேயே வந்துவிட்டது.

தகுதி போச்சே என்று கவலைப்படுபவர்கள் இந்த இடங்களைப் பற்றி ஏன் பேசுவதில்லை? 130 கட்-ஆஃபில் காசு கட்டிக் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்தவரை யாரும் "கோட்டா" என்று அழைப்பதில்லை. 180-ல் வந்த எஸ்.சி. மாணவருக்கு அந்தப் பெயர் நான்கு வருடமும் ஒட்டிக்கொள்கிறது. இந்த வேறுபாட்டைப் பார்த்த பிறகும் விவாதம் தகுதியைப் பற்றியது மட்டும்தான் என்று எங்களால் ஏற்க முடியவில்லை.

சாதியை விட்டுப் பொருளாதார அடிப்படையில் கொடுத்தால் என்ன?

வறுமைக்கு உதவித்தொகை, கட்டணச் சலுகை என்று மருந்து உண்டு. முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை இங்கே 2010 முதலே இருக்கிறது. ஒதுக்கீடு வேறு நோய்க்கானது. தோரட்டும் அட்வெல்லும் 2007-ல் வெளியிட்ட சோதனையில் ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்கள் வெவ்வேறு பெயர்களில் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பப்பட்டன. தலித், முஸ்லிம் பெயர்களுக்கு அழைப்பு வரும் வாய்ப்பு குறைவாக இருந்தது. அங்கே குறுக்கே நின்றது வருமானம் அல்ல.

ஆனாலும் ஒரு கேள்வி நியாயமானது: மத்திய ஒதுக்கீட்டில் ஓ.பி.சி.க்கு ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய் என்ற கிரீமிலேயர் வரம்பு (வசதியானவர்களை விலக்கும் வரம்பு) உண்டு. மாநில ஒதுக்கீட்டில் இல்லை. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1979-ல் 9,000 ரூபாய் வருமான வரம்பு கொண்டுவரப்பட்டு, 1980 மக்களவைத் தேர்தல் தோல்விக்குப் பின் திரும்பப் பெறப்பட்டது. இரண்டு தலைமுறை பட்டதாரிகள் உள்ள பி.சி. குடும்பத்துப் பிள்ளையும், முதல் முதலாகப் பிளஸ் டூ தாண்டிய பி.சி. பிள்ளையும் ஒரே வரிசையில் நிற்பது பின்னவருக்கு நல்லதல்ல. இதைப் பேசுவதே சமூகநீதிக்கு விரோதம் என்று வாயை அடைப்பது சரியில்லை.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீதம் 69-க்கு மேலா?

மேலே அல்ல, உள்ளே. ஓ.சி., பி.சி., எஸ்.சி. என ஒவ்வொரு பிரிவின் இடங்களிலும் 7.5 சதவீதம் அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு. பொறியியலுக்கு 2021-ல் நீதிபதி த. முருகேசன் குழுவின் பரிந்துரைக்குப் பிறகு வந்தது. அவர்களின் கல்வி, விடுதிக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. மேலே சொன்ன இரண்டு பிள்ளைகளின் சிக்கலுக்கு ஓரளவு விடை இதில் இருக்கிறது.

50 சதவீத வரம்பு இருக்கும்போது 69 எப்படி?

1992-ல் இந்திரா சஹானி தீர்ப்பு 50 என்றது. தமிழ்நாடு 1993-ல் சட்டம் இயற்றியது; 1994-ல் அரசியலமைப்பின் 76-வது திருத்தத்தின் மூலம் நாடாளுமன்றம் அதை, சட்டங்களுக்கு நீதிமன்றச் சவாலிலிருந்து பாதுகாப்புத் தரும் ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்தது. இதன் வேர் இன்னும் பழையது: 1951-ல் சென்னை மாகாண வகுப்புவாரி ஆணையை எதிர்த்த செண்பகம் துரைராஜன், சீனிவாசன் வழக்குகளில் இரண்டாமவர் பொறியியல் இடம் கேட்டவர். ஆணை ரத்தாகி, அதற்குப் பதிலாக அரசியலமைப்பின் முதல் திருத்தமும், பின்தங்கிய வகுப்பினருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அனுமதிக்கும் 15(4) பிரிவும் வந்தன.

அமெரிக்காவில் 2023-ல் தடை செய்துவிட்டார்களே?

அங்கே எண்ணிக்கை ஒதுக்கீடு 1978-லிருந்தே கூடாது. 2023-ல் தடுக்கப்பட்டது, இனத்தைப் பல காரணிகளில் ஒன்றாகக் கருதியது. இங்கே ஒதுக்கீட்டை அரசியலமைப்பே அனுமதிக்கிறது. ஒப்பிட்டுப் பயனில்லை.

ஐ.ஐ.டி.யில் பெண்களுக்கான கூடுதல் இடங்கள் ஆண்களின் இடத்தைப் பறிக்கின்றனவா?

இல்லை, அவை மேலதிகமாக உருவாக்கப்பட்டவை. 2018-ல் 14 சதவீதம், 2019-ல் 17, 2020-ல் 20 என்று பெண்களின் பங்கை உயர்த்தும் அளவுக்கு இடங்கள் கூட்டப்பட்டன. ஏற்கெனவே இருந்த இடங்களில் கை வைக்கவில்லை. விடுதி அறையும் ஆய்வக நேரமும் அதே வேகத்தில் கூடாவிட்டால் நெருக்கடி வரும். அது நிதி ஒதுக்கீட்டுப் பிரச்சினை.

வளாக நேர்காணலில் ஒதுக்கீடு இல்லையே, அங்கே எல்லோரும் சமம்தானே?

தனியார் வேலையில் ஒதுக்கீடு கிடையாது. ஆனால் பல நிறுவனங்கள் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் மூன்றிலும் 60 சதவீதம், நிலுவையில் அரியர் இருக்கக் கூடாது என்று முதலிலேயே வடிகட்டுகின்றன. முதல் செமஸ்டரில் விழுந்த ஓர் அரியரை ஆறாவது செமஸ்டருக்குள் முடித்திருந்தால் பெரும்பாலும் தப்பித்துவிடலாம். ஏழாவதுக்குத் தள்ளினால் நேர்காணல் அறைக்குள்ளேயே போக முடியாது. சில நிறுவனங்கள் எப்போதோ விழுந்து பிறகு எழுதி முடித்த அரியரையும் கணக்கில் எடுக்கும். வேலைவாய்ப்புப் பிரிவில் நிறுவனவாரியாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை இனி மாற்ற முடியாது என்பதால், அந்த நிபந்தனை வைக்காத நிறுவனங்களின் பட்டியலை மூன்றாம் ஆண்டிலேயே தயாரித்துவிடுவது நல்லது. அரியர் தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போது கணிதத் தாளை முதலில் வையுங்கள். அடுத்தடுத்த பாடங்கள் அதன் மேல்தான் நிற்கின்றன.